தோட்டத்துக்கு இறங்கி வந்த வீடு

அன்குத்,
நவம்பர் 19, 1995

அன்பு மகள் செலிந்தாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரன் மார்சியாலும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், உன் அப்பாவுக்குப் பசி குறைவில்லை, எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பது எந்த நேரமும் மறக்க முடியாமல் இருக்கிறது. நலம் என்ற சொல்லை எப்போதும் முதல் வரியில் போடுவேன், இந்தத் தடவை மனசாரப் போட வரவில்லை, பாதி நலம் என்று வைத்துக்கொள். அங்கே பனியில் ஆடுகள் நின்றபடியே புதைந்துபோனதாக வானொலியில் கேட்டோம், மாப்பிள்ளையின் பண்ணையில் எத்தனை போயின என்று நீ எழுதவில்லை, நான் கவலைப்படுவேன் என்று விட்டிருப்பாய், எழுதாவிட்டால் அதைவிடக் கவலைப்படுவேன் என்று உனக்கு எப்போதுதான் தெரியப்போகிறதோ.

செப்டம்பரில் நீ போட்ட கடிதமும் அதற்குள் வைத்திருந்த பஸ் டிக்கெட்டும் பத்திரமாக வந்தன. இரண்டு மாதமாகப் பதில் இல்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு, நியாயம்தான். கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் என்ன பதில் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. "தோட்டத்துக்கே எறங்க முடியாத நீ அங்க ஜன்னல் வழியா எதம்மா பாத்துக்கிட்டு ஒக்காரப்போற, கிறிஸ்துமஸுக்குள்ள பஸ் ஏறிடு, அப்பா வந்தா வரட்டும், வராட்டி அவரு மாடுங்களோட இருக்கட்டும்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும், டிக்கெட்டைப் பாலாடைக்கட்டி வைக்கிற அலமாரியில் வைத்திருந்தேன், ஒரு நாளைக்கு மூன்று தடவை அதைத் திறக்கிறவர் அவர்தான். உண்மையைச் சொல்கிறேன் மகளே, அந்த டிக்கெட்டை எடுத்துப் பை கட்டிவிடலாம் என்று நானே இரண்டு தடவை நினைத்தேன். அப்புறம் நடந்ததை முதலிலிருந்து எழுதினால்தான் என் பதில் உனக்குப் புரியும், நீளமாக இருக்கும், தேநீர் வைத்துக்கொண்டு உட்கார்.

ஜூலையில், நடுக் குளிர்காலத்தில் நான் விழுந்தது உனக்குத் தெரியும், எப்படி விழுந்தேன் என்று அப்பா சரியாகச் சொல்லியிருக்க மாட்டார். அந்த வாரம் உறைபனி ஐந்து நாள் விடாமல் இறங்கியது. நமக்கு மழை பழக்கம், காற்று பழக்கம், இப்படித் தரையெல்லாம் கண்ணாடியாகிற குளிர் பழக்கமில்லை. அவரைச் செடிகளுக்குச் சாக்கு போர்த்தலாம் என்று விடிந்ததும் கீழே இறங்கினேன், பலகைப் படியில் மூன்றாவது திருப்பத்தில் கால் போய்விட்டது. சாக்குகள் எனக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆஸ்பத்திரியில் இடுப்பில் தகடு வைத்து அனுப்பினார்கள். டாக்டர் சொன்ன பட்டியல், குனியாதே, மண்டியிடாதே, மேடு பள்ளம் போகாதே, தண்ணீர் வாளி தூக்காதே. அதையெல்லாம் கழித்தால் எனக்கு மிச்சம் நாற்காலி மட்டும்தான். நாலு கால் ஊன்றுகோல் ஒன்று கொடுத்தார்கள், எனக்கு ரெண்டு கால் அதற்கு நாலு கால், ஆறு காலிருந்தும் வாசற்படி தாண்ட முடியவில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் வீட்டுக்கு வந்து சமையலறை ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். வடக்கிலிருந்து வந்த புயல் வேலியைச் சாய்த்து, சாய்ந்த வேலி வழியாக யாருடைய ஆடுகளோ புகுந்து, மிச்சம் இருந்ததை உறைபனி கருக்கி, அதற்கு மேல் கடல் உப்பையும் தூவியிருந்தது. பசுமைக் குடிலின் பிளாஸ்டிக் கிழிந்து மரத்தில் தொங்கியது. அவரைச் செடி ஒன்றுகூட நிற்கவில்லை. கோஸ் எல்லாம் அழுகல். விதை உருளைக்கிழங்கில் பாதி கொட்டகையிலேயே உறைந்து, இளகியதும் ஈரத் துணியாகிவிட்டது. உயிரோடு இருந்தது பூண்டுப் பாத்தி ஒன்றுதான், இலையுதிர் காலத்தில் நான் ஊன்றிவிட்டுப் போன ஏழு வரிசையும் விறைப்பாகப் பச்சையாக நின்றன, மற்றவர்களெல்லாம் செத்துப்போன வீட்டில் பிடிவாதக்காரப் பெண் ஒருத்தி நிற்கிற மாதிரி. அந்தத் தோட்டம் எனக்கு வெறும் கறிகாய் இல்லை செலிந்தா. இருபத்திரண்டு வயதிலிருந்து கடற்பாசியைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டி நான் உண்டாக்கிய மண் அது. மேட்டில் வீட்டைச் சுற்றி இருப்பது களிமண்ணும் சரளையும், அங்கே முள்ளங்கிகூடக் கோணிக்கொண்டுதான் வரும்.

அப்பா சொன்னார், "நீ மேலேருந்து சொல்லு, நான் கீழ செய்றேன், இதுல என்ன பெரிய வித்தை." முப்பத்தைந்து வருடமாக அந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்காத மனுஷன். ஏன் வைக்கவில்லை என்று உனக்கே தெரியும், அதற்கு வருகிறேன். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கத்துவேன், காற்று என் குரலை மலைக்குப் பின்னால் கொண்டுபோய்விடும். அதனால் பாத்திர மூடியைக் கரண்டியால் தட்டுவது என்று முடிவு செய்தோம், ஒரு தட்டு இடது, இரண்டு தட்டு வலது, விடாமல் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். நான் விடாமல் தட்டத் தட்ட அவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு என் புதினாவையெல்லாம் வேரோடு பிடுங்கினார். களையை விட்டுவிட்டார், களைதான் பார்க்க நன்றாகச் செழிப்பாக இருந்ததாம். நெல்லிப் புதர்கள் பட்டுவிட்டன என்று கோடாரி எடுத்தார். நல்ல வேளை, அந்த நேரம் உன் ஞானத்தாய் தெல்மிரா ரொட்டி கொண்டுவந்தாள், அவளைக் கீழே ஓடவிட்டேன். அவள் நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டி, "கண்ணு தெரியல? உள்ள பச்சையா இருக்கு பாரும். தோலு கருத்ததுக்கெல்லாம் வெட்டணும்னா ஒம்மத்தான் மொதல்ல வெட்டணும்" என்றாளாம். அன்று இரவு அவர் கோடாரியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டினார்.

பிறகு நானே போய்ப் பார்க்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன், அது என் தப்பு. நூற்று நாற்பது காலடி இறக்கம், ஊன்றுகோலோடு முக்கால் மணி நேரம் இறங்கினேன், தோட்டத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்தேன், மண் நன்றாகத்தான் இருந்தது. ஏறத்தான் முடியவில்லை. கடைசியில் அப்பா எருதுகளைக் கட்டி, கிழங்கு மூட்டை ஏற்றுகிற மரச் சறுக்கியில் என்னை உட்காரவைத்துக் கயிறு போட்டுக் கட்டி மேலே இழுத்தார். வழியில் ரொசமேல் பார்த்துவிட்டார், ஊரில் மர வீடுகளை எருது கட்டி இடம் மாற்றி இழுக்கும் வேலைக்கெல்லாம் தலைமை தாங்குகிறவர், வாயும் அதே அளவு. "என்ன மதினி, சந்தைக்கா? மூட்டை என்ன வெல போவும்?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்து அழுதேன். அப்பா கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து அவர் கீழிருந்து மண்ணைச் சாக்கில் அள்ளி அதே சறுக்கியில் மேலே கொண்டுவர ஆரம்பித்தார், ஜன்னலுக்குக் கீழே பாத்தி கட்டித் தருகிறாராம். நாளுக்கு ஒன்றாகப் பதினோரு நடை. பன்னிரண்டாம் நாள் பெய்த மழையில் அத்தனையும் கரைந்து, கறுப்பு ஓடையாகச் சரிவில் இறங்கித் தன் பழைய இடத்துக்கே போய்விட்டது. அவர் அதைப் பார்த்தபடி நனைந்துகொண்டே நின்றார். உள்ளே வந்து தொப்பியைக் கழற்றி அடுப்பின்மேல் வைத்தார், அது புகைந்தது, எடுக்கவில்லை. "மண்ணு மேல வரமாட்டேங்குது எர்சிரா. அப்ப வீடுதான் கீழ போவணும்" என்றார். நான், "ஒமக்குக் காய்ச்சலா?" என்று கேட்டேன். "காய்ச்சல்லாம் இல்ல. ரொசமேல்கிட்ட நாளைக்குப் பேசறேன்" என்றார்.

மகளே, இது உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அவர் வாயிலிருந்து ஒருநாளும் கேட்டிருக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். அறுபதாம் வருஷம் நிலம் நடுங்கியபோது நம் வீடு கீழேதான் இருந்தது, இன்று தோட்டம் இருக்கும் கரையோரத் தட்டு நிலத்துக்குப் பக்கத்தில். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து மாதம். காலுக்கடியில் தரை நிற்காமல் ஆடும்போது கடல்காரர்களுக்கு என்ன தோன்றும், படகுதான் பத்திரம் என்று தோன்றும், ஊரில் பலபேர் அப்படித்தான் செய்தார்கள். உன் சித்தப்பா நிபால்தோவுக்குப் பதினைந்து வயது. படகில் ஏறச் சொன்னதும், இரண்டு கையாலும் படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டதும் உன் அப்பாதான். என்னைக் கூட்டி வரத் திரும்பினார், அதற்குள் கடல் பின்வாங்கியது. அப்புறம் திரும்பி வந்தது, நாங்கள் இருவரும் மேட்டுக்கு ஓடித் தப்பினோம். வீட்டுக்குள் ஜன்னல் உயரம் தண்ணீர், வீடு நின்றது, படகும் பையனும் கிடைக்கவே இல்லை. அந்த வருஷமே ஊரைக் கூட்டி வீட்டை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். கடல் தொழிலை விற்றுவிட்டு மாடு வாங்கினார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். தோட்டத்து மண்ணை மட்டும் கொண்டுபோக முடியாததால் நான் இறங்கி ஏறிக்கொண்டிருந்தேன், அவர் ஒரு நாளும் என்னோடு இறங்கியதில்லை. செப்டம்பரில் மண்வெட்டியோடு இறங்கினாரே, அதுவே அவருக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். புதினாவைப் பிடுங்கியபோதும் நான் அதிகம் திட்டாததற்கு அதுதான் காரணம்.

வேண்டாம் என்று சொன்னேன். நான் செலிந்தாவிடம் போய்விடுகிறேன், நீரும் வாரும், வராவிட்டால் இரும், வீட்டை அசைக்க வேண்டாம் என்று சொன்னேன். "தலைக்கு மேல தண்ணி போனா சாணு என்ன மொழம் என்ன" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதற்கு அந்தப் பழமொழி என்று அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது, நான் போய்விட்ட வீடு மேட்டில் இருந்தால் என்ன பள்ளத்தில் இருந்தால் என்ன என்று சொல்லியிருக்கிறார்.

ஊர் கூடி வீடு இழுக்கிற மிங்காவுக்கு ஆள் கேட்க வீடு வீடாகப் போக வேண்டும், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று இன்ன நாள் இன்ன வேலைக்கு வரவேண்டும் என்று கேட்க வேண்டும், உன் அப்பா யாரிடமும் உப்புக்கூடக் கேட்காதவர். பதினெட்டு வீடு போனார். ஒருத்தரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறவர்கள் கூலிக்கு வருவதில்லை, வயிறாரச் சாப்பாடு போட வேண்டும், எங்கள் கிழங்கோ பாதி உறைந்து போனது, மிச்சம் விதைக்கு. நாற்பது பேருக்கு என்ன போடுவது என்று எனக்குத் தூக்கம் போனது. தெல்மிரா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏண்டி, ஆட்டை நீ அடி, கெழங்கு எங்க பொறுப்பு. ஒன் ரோஷத்தை வேகவச்சா எத்தனை பேரு சாப்பிடுவாங்க?" என்றாள். அவளும் மற்ற பெண்களும் கிழங்கைத் துருவிப் பிழிந்து கொழுப்பு வைத்து அடை தட்டினார்கள், மூன்று கூடை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து உப்பு மட்டும் பார்த்தேன்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை நாள் குறித்தார்கள். முதல் நாளே அடுப்பை வெளியே எடுத்து, புகைபோக்கியை இறக்கி, ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே குறுக்குக் கட்டைகள் அடித்து, வீட்டுக்கு அடியில் இரண்டு முழு மரங்களைச் சறுக்குக் கட்டையாகக் கொடுத்தார்கள். என்னைச் சறுக்கியில் கீழே கொண்டுபோய்த் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள், வீடு எங்கே நிற்க வேண்டும் என்று நான் கோலால் காட்டக் காட்ட ரொசமேல் நாலு முளை அடித்தார். பூண்டுப் பாத்திக்கு மேல்புறம் நாலு காலடி தள்ளி முன்முளை. "மதினி, ஒங்க பூண்டுக்கு வாசக் காவலாளி மாதிரி வீட்டைக் கொண்டாந்து நிறுத்தறேன் பாருங்க" என்றார். சொன்னபடி செய்திருப்பார், கெடுத்தது நான்.

மழை தூறிக்கொண்டே இருந்தது. இறக்கத்தில் வீட்டை இழுக்க வேண்டியதில்லை, பிடித்து நிறுத்தத்தான் வேண்டும், அதனால் முன்னால் மூன்று ஜோடி எருதுகள், பின்னால் ஏழு ஜோடி. நம் வீடு நகர்ந்தபோது நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன், மரம் முனகுகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தால் சமையலறை ஜன்னல் ஓட்டை என்னைப் பார்த்து மெல்ல இறங்கி வந்துகொண்டிருக்கிறது. அப்பா பின்புறக் கயிற்றில் இருந்தார், கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்தார் என்று தெல்மிரா சொன்னாள். இரண்டாவது திருப்பத்தில் ஓய்வுக்கு நிறுத்தினார்கள், எல்லோரும் தொப்பலாக நனைந்து உதடு நீலம் பாய்ந்து நின்றார்கள். வீடு தன் இடத்தில் உட்காரும் முன்னால் சிச்சா மதுக் குடத்தைத் திறக்கக் கூடாது என்பது வழக்கம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மனசு கேட்கவில்லை. எனக்காக நனைகிறார்களே என்று தெல்மிராவிடம் குடத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆப்பிள் சிச்சா போன வருஷத்தது, நன்றாகப் புளித்து ஏறியிருந்தது. ரொசமேல் முதலில் முறைத்தார், பிறகு அவரும் குடித்தார்.

அதற்கப்புறம் கொஞ்சம் உற்சாகம் கூடிவிட்டது. தோட்டத்துத் தட்டு நிலத்துக்கு வந்ததும் முன்னால் இருந்தவர்கள் வந்தாச்சு வந்தாச்சு என்று கத்தினார்கள், பின்னால் இருந்தவர்கள் நின்றாயிற்று என்று நினைத்துக் கயிற்றைத் தளர்த்தினார்கள். வீடு நிற்கவில்லை. ஈர மண்ணில் சத்தமே இல்லாமல் முளைகளைச் சாய்த்துக்கொண்டு வந்து, பூண்டுப் பாத்தி முழுவதையும் அடியில் போட்டுக்கொண்டு, என் நாற்காலிக்கு மூன்று காலடி முன்னால் உட்கார்ந்தது. வீடு அசையாமல் தின்னும் என்பார்கள், நம் வீடு அசைந்தும் தின்றது. எருதுகள் மூச்சு விடுகிற சத்தம்தான். ரொசமேல் தொப்பியைக் கழற்றிவிட்டு, "பின்னால இழுக்கணும்னா எருது இன்னும் அத்தனை வேணும் மதினி, இந்தச் சேத்துல நடக்காது. மன்னிச்சிருங்க" என்றார், அந்த மனுஷனை நக்கல் இல்லாமல் நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். குளிர் காலம் முழுவதையும் தாங்கி நின்ற ஒரே பாத்தி, நானே கொன்றுவிட்டேன். நாற்பது பேர் முன்னால் அழுதேன், வெட்கமாகத்தான் இருந்தது. அப்பா வந்து பக்கத்தில் நின்று, என் தலையில் கை வைக்க நினைத்து, சேற்றுக் கை என்று எடுத்துக்கொண்டு, "சாப்பாடு ஆறுது" என்றார். எல்லோரும் சாப்பிட்டார்கள். அடை மிஞ்சவில்லை.

இப்போது வீடு கட்டைக் கால்களின் மேல் நிலையாக நிற்கிறது, சமையலறைக் கதவு தோட்டத்தைப் பார்த்துத் திறக்கிறது. இரண்டு படி, கைப்பிடி வைத்தது. கதவிலிருந்து முதல் பாத்தி ஒன்பது காலடி. அப்பா பழைய வேலிப் பலகைகளை அறுத்து, என் இடுப்பு உயரத்துக்கு மூன்று பெட்டிப் பாத்தி செய்து கொடுத்திருக்கிறார், ஒன்று கோணல், எது என்று சொல்ல மாட்டேன், நீ வந்தால் உனக்கே தெரியும். குனியாமல் உட்கார்ந்தபடி கொத்தமல்லி, லெட்டூஸ், வெங்காயத் தாள் விதைத்தேன். கிழங்கு முன்பு இருபது வரிசை போடுவேன், இந்த வருஷம் நாலு. அவரை தாமதமாகத்தான் ஊன்றினோம், வருமோ வராதோ. நெல்லிப் புதர் துளிர்த்துவிட்டது, புதினாகூட அவர் பிடுங்கிப் போட்ட குப்பையிலிருந்தே முளைத்திருக்கிறது. கடற்பாசி அள்ள யாரும் இல்லாமல் கரையில் மக்குகிறது, அதைப் பார்க்கும்போது எனக்குக் கை அரிக்கும். அரை மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் படுக்க வேண்டியிருக்கிறது. பழைய தோட்டம் திரும்பி வரும் என்று நான் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இது சின்னத் தோட்டம், களைத்துப்போன ஒருத்தியின் தோட்டம். ஆனால் நேற்றுக் காலை என் கையால் பறித்த முள்ளங்கியை உப்பு தொட்டுத் தின்றேன், கோணல் இல்லாத முள்ளங்கி.

அப்பாவைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. அவர் கரையில் ஒரு முளை அடித்திருக்கிறார், பெரிய அலை எதுவரை வருகிறது என்று. காலையில் தேநீருக்கு முன்னால் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறார், சாயங்காலமும் பார்க்கிறார். வாசலில் இரண்டு பேருடைய பூட்ஸும் மேட்டுப் பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும், நான் மறந்து திருப்பி வைத்தால் ஒன்றும் சொல்லாமல் நேர் செய்கிறார். இளைத்திருக்கிறார். ஒருநாள் கேட்டேன், திரும்பவும் மேலே போய்விடலாமா, ஊரைக் கூப்பிடலாமா என்று. "தோட்டத்துல வேலையப் பாரு" என்றார். எனக்குத் தோட்டம் கிடைத்தது, அதற்கு அவர் தன் நிம்மதியைக் கொடுத்திருக்கிறார், முப்பத்தைந்து வருஷமாகக் காப்பாற்றி வைத்திருந்த நிம்மதி. இந்த மனுஷனைக் கடலோடு தனியாக விட்டுவிட்டு நான் எப்படி பஸ் ஏறுவேன், நீயே சொல். உன் வீட்டு வெந்நீர்க் குழாயும் விறகு ஹீட்டரும் என் இடுப்புக்கு நல்லதுதான், எனக்குத் தெரியாதா. மார்சியால் வளர்வதைப் பார்க்க எனக்கு ஆசை இல்லையா. ஆசையைச் சொன்னால் இந்தக் காகிதம் போதாது. ஆனாலும் நான் வரவில்லை மகளே. டிக்கெட்டை இந்த உறையிலேயே திருப்பி வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, கோபித்தாலும் கடிதம் போடுவதை நிறுத்தாதே.

மார்சியாலுக்கு இருமல் வந்தால் மத்திகோ இலை கொதிக்கவைத்துத் தேன் கலந்து கொடு, தெல்மிரா ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறாள், தனியாக அனுப்புகிறேன். நீ மீன் ஆலையில் ஈரத் தரையில் நிற்கும்போது இரண்டு கம்பளிக் காலுறை போடு, இப்போது தெரியாது, என் வயதில் தெரியும். மாப்பிள்ளையிடம் ஆடுகளைப் பற்றி அதிகம் கேட்காதே, அவரே சொல்லும்வரை சூப் மட்டும் சூடாகக் கொடு. கடவுள் உங்கள் மூவரையும் குளிரிலும் கடலிலும் வழியிலும் காக்கட்டும், உன் தலையில் என் இரண்டு கையும் இருப்பதாக நினைத்துக்கொள், அப்பாவுடையதும், கழுவிய கைதான்.

ஒன்று மட்டும் மறக்காதே. எப்போது வந்தாலும், தேவாலயத்தைத் தாண்டியதும் உன் கால் பழக்கத்தில் மேட்டுப் பக்கம்தான் திரும்பும். அங்கே இப்போது கட்டைக் கால்கள் இருந்த குழிகளும் கொஞ்சம் சாம்பலும்தான் கிடக்கின்றன. அதைப் பார்த்துவிட்டுப் பயந்து நின்றுவிடாதே, கீழே பார். கடல் எங்களைக் கொண்டுபோகவில்லை செலிந்தா, நாங்களாகத்தான் இறங்கி வந்தோம்.

இப்படிக்கு
உன் அம்மா,
எர்சிரா